இரண்டு பட்டன் வைத்த உள் பாக்கெட்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் மூத்தார் சொல்வார். கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். "எங்க பரம்பரையே இரும்பு" என்று தொடையில் தட்டிச் சொல்லிவிட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போவார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்து வந்து உட்கார்ந்து, இரும்பை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

நான் அவருடைய தம்பி மனைவியாக இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் எங்கே கூடினாலும் பாத்ரூம் வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டே இருக்கும். மூத்தார், அவர் தங்கை, அவர்கள் சித்தப்பா மகன், என் வீட்டுக்காரர் என்று எல்லாருக்கும் பேச்சின் நடுவில்தான் அவசரம் வரும். சம்பந்தம் செய்துகொண்ட வீட்டுக்காரர்கள், இது சர்க்கரை வியாதிக் குடும்பம் என்று தங்களுக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். என் அம்மா மாப்பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் சர்க்கரை போடாத டீதான் கொடுத்தாள். அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். ஏன் சர்க்கரை இல்லை என்று கேட்டால், ஏன் அடிக்கடி பாத்ரூம் போகிறீர்கள் என்ற கேள்வி வருமே.

விஷயம் இதுதான். இவர்கள் எல்லாருக்கும் நெஞ்சுக்குள் விசில். டாக்டர்கள் அதற்கு ஆஸ்துமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவர்கள் வைத்த பெயர் சளி. அப்பாவுக்குச் சளி, அத்தைக்குச் சளி, பேரனுக்குச் சளி. வருஷம் முழுக்கச் சளி, ஆனால் ஒருவர் மூக்கும் ஒழுகாது. வாயில் வைத்து அமுக்கி இழுக்கும் மருந்துப் பம்பு ஒவ்வொருவர் இடுப்பிலும் கைப்பையிலும் உண்டு. அதை மற்றவர் எதிரில் எடுப்பது மட்டும் கிடையாது. பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் இழுத்துக்கொள்வார்கள். தான் இழுப்பது அடுத்தவருக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது மூத்தாரின் சட்டம். அவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. அவரால் விடத்தான் முடியாதே.

இந்த இரும்புப் பரம்பரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மூத்தாரின் இரண்டாவது மருமகள். எனக்கும் மருமகள் முறைதான், என்னைச் சின்ன அத்தை என்பாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கூடத்தில் வேலை. அங்கே ஒரு சட்டையை ஒருத்தியே தைப்பது கிடையாது. காலர் தைக்கிறவள் சாகும் வரைக்கும் காலர் தைப்பாள், கை தைக்கிறவள் கை தைப்பாள். இவள் பாக்கெட். சட்டைப் பாக்கெட், கால்சட்டைப் பாக்கெட், ஸ்கர்ட்டின் பக்கவாட்டுப் பாக்கெட் எல்லாம் இவள் கையில்தான். அதனால் அங்கே எல்லாரும் பாக்கெட்காரி என்பார்கள், எங்கள் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

வாய் கொஞ்சம் நீளம். வேலை நேரத்தில் பேசுகிறாள் என்று அங்கே மேலாள் ஒருமுறை கண்டித்திருக்கிறார். "வாய் தைக்கிறதுக்குத் தனி செக்ஷன் இருந்தா சொல்லுங்க சார், முதல் ஆளா நானே வந்து உக்காந்துக்கிறேன்" என்றாளாம். மற்றவர்கள் சிரித்ததில் அன்றைக்கு இரண்டு காலர் கோணலாகப் போய்விட்டது. அதற்கும் அவளைத்தான் திட்டினார்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடத்தையெல்லாம் இவன்தான் ஏற்றி இறக்குகிறான். அவன் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் லிஃப்ட் கிடையாது. மகளுடைய வகுப்பு மேல் மாடியில். எங்கள் அதிர்ஷ்டம் எப்போதும் இப்படிச் சரியாகத்தான் பொருந்தும்.

அந்த மகளுக்கு நடை பழகிப் பேச்சு பழகிய வயதிலேயே விசில் ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு இருக்கிறதா என்று விசாரித்தாள். கூடப் போயிருந்த மூத்தார் நெஞ்சை நிமிர்த்தி, தங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் நெஞ்சு இரண்டு சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு, "உங்களுக்கும் சேர்த்து எழுதட்டுமாய்யா?" என்று கேட்டாளாம். மூத்தார் எழுந்து பாத்ரூம் எங்கே என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறார்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் பாக்கெட்காரி ஒன்றுவிடாமல் செய்தாள். தையல் கூடத்துப் பஞ்சும் நூல்தூசியும் தலைமுடி வரைக்கும் ஒட்டியிருக்கும் என்று, வீட்டுக்கு வந்ததும் குளித்து உடை மாற்றாமல் மகளைத் தொடமாட்டாள். மகள் அம்மா என்று ஓடி வந்தால், "கிட்ட வராத, நான் பஞ்சு மூட்டை" என்று சுவரோரமாக ஒதுங்கிப் போவாள். ஆனால் மூத்தார் ஒரு விஷயம் சொன்னார். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கொடுக்க வேண்டியது, பள்ளிக்கூடத்தில் யார் கண்ணிலும் பம்பு படக்கூடாது. மேலாளுக்கு அடங்காத வாய் அங்கே மட்டும் அடங்கிப்போயிற்று. பெண்ணின் எதிர்காலம் என்று சொன்னால் எந்த அம்மாவின் வாயும் தானாகவே தைத்துக்கொள்ளும்.

அவள் தன் வித்தை முழுவதையும் காட்டி மகளின் ஸ்கர்ட்டில் ஒரு உள் பாக்கெட் வைத்தாள். இடுப்புப் பட்டைக்குக் கீழே, மடிப்புக்கு உள்பக்கம், மேலே ஒரு மூடு துணி, அதற்கு இரண்டு பட்டன். எனக்குக் கொண்டுவந்து காட்டினாள். நான் அந்த ஸ்கர்ட்டை உதறிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், வெளியே ஒரு மேடு தெரியவில்லை.

"போலீஸ் வந்து சோதனை போட்டாலும் கெடைக்காது சின்ன அத்தை" என்று பெருமைப்பட்டாள். அது உண்மைதான். யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்தப் பாக்கெட்டின் புகழ் மூத்த மருமகள் காதுக்கும் போயிற்று. மூத்தாரின் பெரிய மகன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் உள்ளவர்களையெல்லாம், எந்த நேரத்தில் எந்த நோய் வருமோ என்று பயமுறுத்திச் சோறு தின்கிறவன். அவன் வீட்டில் மட்டும் நோய்க்கு நுழைய அனுமதி இல்லை. அவன் மனைவி ஒருநாள் தன் மகனின் கால்சட்டைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தாள். பையன் பஸ் பாஸை அடிக்கடி தொலைக்கிறான், இவனுக்கும் அதே மாதிரி ஒரு உள் பாக்கெட் வைத்துக்கொடு என்றாள். கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும் என்றாள். பாக்கெட்காரியும் எல்லாவற்றிலும் வைத்துக்கொடுத்தாள், இரண்டு பட்டனோடு. பஸ் பாஸ் தட்டையாகத்தானே இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பையன் தினமும் அப்பாவின் காரில் போய் இறங்குகிறவன் ஆயிற்றே என்று எனக்கும் தோன்றவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளை, அவன் பாஸ் கொஞ்சம் தடியாக இருக்கும்போல என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பையனும் இவள் மகளும் ஒரே பள்ளிக்கூடம். அவன் பெரிய வகுப்பு. அண்ணன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இவள் படியேறும்போது மாடி வளைவில் கூட்டாளிகளோடு நின்று பார்ப்பான். பாதிப் படியில் அவளுக்கு மூச்சு வாங்கி விசில் வரும். அவன் அதே மாதிரி வாயால் ஊதிக் காட்டுவான். கூட்டாளிகள் எண்ணுவார்கள். "ரெண்டு விசில் வந்தாச்சு, இன்னொண்ணு வந்ததும் இறக்கிடலாம்" என்பான் ஒருவன். அவளுக்குக் குக்கர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூடக் குக்கர் அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்களாம். ஒருநாள் கழிப்பறையில் அவள் பம்பு இழுப்பதை வேறொரு பிள்ளை பார்த்துவிட்டது. அன்றைக்கு மதியத்துக்குள் "குக்கர் தானே வெயிட் போட்டுக்குது" என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அதிலிருந்து பாக்கெட்காரியின் மகள் பள்ளிக்கூடத்தில் பம்பைத் தொடுவதில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்பதைத்தானே நாம் கற்றுக்கொடுத்திருந்தோம்.

துவைத்த ஸ்கர்ட்டை மடிக்கும்போது பாக்கெட்காரி ஒன்றைக் கவனித்திருக்கிறாள். பட்டன் துளை விரியவே இல்லை, ஓரத்து நூல் புதிதாக அப்படியே இருந்தது. தினமும் திறந்து மூடுகிற துளை அப்படி இருக்காது. மகளைக் கேட்டாள். தேவைப்படவில்லை என்றது பெண். இவள் அதை நம்பி, சளி குறைந்துவிட்டது என்று எனக்கு வந்து சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அவள் வாயில் சளி என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். குடும்பத்தில் ஐக்கியமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்கால வாரத்தில் அந்தப் பெண் மாடிப்படி வளைவிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டது. பேச முடியவில்லை. டீச்சர் ஓடி வந்து புத்தகப் பையைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறாள், மருந்து இல்லை. பெண் கையால் இடுப்பைக் காட்டியிருக்கிறது. டீச்சர் வயிற்றுவலி என்று நினைத்து வயிற்றைத் தடவிவிட்டிருக்கிறாள். படித்தவள், கையைக் காட்டிய இடத்தில் தடவினாள், அவளைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் பெருக்குகிற அம்மா தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

பாக்கெட்காரி தலையில் பஞ்சோடு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பெண்ணின் முகத்தில் மூச்சுக் கவசம் மாட்டியிருந்தார்கள். ஸ்கர்ட்டைத் தளர்த்துவதற்காக நர்ஸ் இடுப்பில் கத்தரி வைத்தாள். உள்ளேயிருந்து பம்பு தரையில் 'டொக்' என்று விழுந்தது. இடுப்பிலேயே இருந்திருக்கிறது. நர்ஸ் அதை எடுத்துப் பார்த்தாள், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரும்மா இதத் தைச்சது? கடத்தல்காரங்க தோத்தாங்க" என்றாள்.

பாக்கெட்காரி பம்பைக் கை நீட்டி வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பெண் பிழைத்துக்கொண்டது.

பிறகு சொந்தபந்தம் வரிசையாகப் பார்க்க வந்தார்கள். ஆளுக்கு ஒரு பை பழம், ஆளுக்கு ஒரு மூட்டை யோசனை. ஜன்னலைத் திறக்காதே என்றார் ஒருவர், மூடாதே என்றார் இன்னொருவர். பால் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, அழுதால் ஆகாது, சிரித்தால் ஆகாது. சளியை நாள்பட விட்டதுதான் தப்பு என்று மூத்தாரின் தங்கை தீர்ப்புச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த அறையின் பாத்ரூமுக்குப் போனாள். அவள் வந்ததும் மூத்தார் போனார். அவர் வந்ததும் சித்தப்பா மகன் போனார். பக்கத்துக் கட்டில் நோயாளி, "உங்க வீட்டுல எல்லாருக்கும் வயிறு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டாள். பரம்பரையே இரும்பு என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் பெண் அம்மாவிடம் வாயைத் திறந்து, குக்கர் கதையைச் சொன்னது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"யாரு வச்ச பேரு அது?" என்று கேட்டாள் அம்மா.

"அண்ணன்."

"எந்த அண்ணன்?"

"நம்ம அண்ணன்மா."

இனிமேல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவே மாட்டேன் என்று பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. எத்தனையோ பிள்ளைகள் அப்படிச் சொல்லும், மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போகும். இது அப்படிச் சொல்லவில்லை. அழாமல் சொன்னது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

பாக்கெட்காரி தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மா, பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்வதுதான், பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"விளையாட்டுதான் டீச்சர், நான் இல்லேன்னு சொல்லல. அதுல எம்பொண்ணு ஆடுறவளா, பந்தா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது மூத்த மருமகள் வீடு. அங்கேயும் மரியாதைக்குக் குறைவில்லை. பசங்க சும்மா சொல்றது, உன் பொண்ணு கொஞ்சம் தொட்டாச்சிணுங்கி, நீயும் வேலை வேலை என்று போய்விடுகிறாய், பிள்ளையின் உடம்பை யார் பார்ப்பது என்று மூத்தவள் வருத்தப்பட்டாள். கிளம்பும்போது மகனின் கால்சட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாளாம். பையன் வளர்ந்துவிட்டான், அடி மடிப்பைக் கொஞ்சம் இறக்கிக் கொடு என்று. இவளும் வாங்கிக்கொண்டு வந்தாள். நமக்குக் கோபம் வந்தாலும் கை பழகினதைத்தான் செய்கிறது.

வீட்டுக்கு வந்து கால்சட்டையை உள்பக்கம் திருப்பினாள். தான் வைத்த பாக்கெட் தட்டுப்பட்டது. உள்ளே ஏதோ உறுத்தியது. பட்டனைத் திறந்து கைவிட்டாள். நீல நிறத்தில் ஒரு சின்ன மூடி. மகளுடைய பம்பை எடுத்து அதன் வாயில் அந்த மூடியைப் போட்டுப் பார்த்தாள். அளவெடுத்து வைத்தாற்போல் உட்கார்ந்தது.

அந்த மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"பஸ் பாஸாம் சின்ன அத்தை, பஸ் பாஸ். எம்பொண்ணு நெஞ்சுல என்ன இருக்கோ அதேதான் அவன் நெஞ்சுலயும் இருக்கு. தன் விசில் யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு அவ விசில ஊருக்கே ஊதிக் காட்டியிருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் வீட்டில் எல்லாரும் கூடுவதாக இருந்தது. புது அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தார்கள், பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் இந்த மூடியை மேஜையில் வைக்கப்போகிறேன் என்றாள். அதைப் பார்த்தால் நாளைக்கு அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கமாட்டான், மகளும் தலை நிமிர்ந்து போவாள் என்பது அவள் கணக்கு. நான் தடுக்கவில்லை. வயதில் பெரியவளாகப் பொறுமை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எத்தனையோ வருஷம் குழாய்ச் சத்தம் கேட்டவள் நான். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். கொஞ்சம் குரல் இறங்கியிருந்தது.

"அவனை ரெண்டு அறை அறையணும்போல இருக்கு. ஆனா அந்தப் பாக்கெட்டத் தைச்சது யாரு? ரெண்டு பிள்ளைக்கும் நான்தான தைச்சேன். மருந்த ஒரு கையால குடுத்தேன், வெக்கத்த இன்னொரு கையால குடுத்தேன். அது எதைப் புடிச்சுக்கும் பாவம்?"

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனோம். இன்சூரன்ஸ்காரன் அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். எல்லாம் நேற்று அடித்த பெயிண்ட். அதுவும் சாதாரணப் பெயிண்ட் இல்லையாம், அதன் பெருமையை ஒவ்வொரு சுவரிடமும் நின்று சொன்னான். வாசனை கண்ணைக் கரித்தது. இரண்டு பாத்ரூம் என்றான், ஆனால் ஒன்றில் இன்னும் குழாய் மாட்டவில்லை என்று பூட்டியிருந்தது. இந்தக் குடும்பத்தைப் புதுப் பெயிண்ட் அடித்த வீட்டில் ஒரே ஒரு பாத்ரூமோடு அடைப்பதற்கு ஒரு ஏஜென்ட்டால்தான் முடியும்.

கால் மணி நேரத்தில் வரிசை ஆரம்பித்துவிட்டது. மூத்தாரின் தங்கை முதலில் போய்வந்தாள். அடுத்து மூத்தார் உள்ளே போனவர் போனவர்தான், வரவே இல்லை, குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா மகன் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவின் மரம் நல்ல மரமா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பையன். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். மூடினால் மட்டும் நெஞ்சு கேட்குமா? விசில் கூடம் வரைக்கும் வந்தது. அவன் அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். யாரும் ஒன்றும் கேட்காத மாதிரி எல்லாரும் உரக்கப் பேச ஆரம்பித்தார்கள். சதுர அடி பற்றிப் பேசினார்கள்.

பாக்கெட்காரி கைக்குள் மூடியோடு எழுந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேஜைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மேஜையைத் தாண்டிப் போனாள். அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்தாள், நேரே போய் பாத்ரூம் கதவைத் தட்டினாள்.

"மாமா, இழுத்து முடிச்சிட்டா வெளிய வாங்க. பின்னாடி வரிசை நிக்குது."

உள்ளே மூத்தார் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"என்ன பேச்சு இது, பெரியவங்ககிட்ட?" என்றாள் மூத்தவள். "அவனுக்கும் ஒண்ணும் இல்ல. பெயிண்ட் வாசனை ஒத்துக்கல, அவ்வளவுதான்."

அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தது. அம்மாவின் கைப்பையைத் திறந்து தன் பம்பை எடுத்தது. பையன் எதிரில் போய் நின்றது.

"உன்னோடத எடு" என்றது.

அவன் இல்லை என்று தலையாட்டினான். அம்மாவைப் பார்த்தான்.

"சும்மா நடிக்காத. எனக்குத் தெரியாத சத்தமா இது?"

சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவில், அத்தனை பெரியவர்கள் எதிரில், பம்பை நன்றாகக் குலுக்கி வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தது. பத்து எண்ணுகிற நேரம் அடக்கி வைத்து மூச்சை வெளியே விட்டது. இந்தப் பரம்பரையில் குழாய்ச் சத்தம் இல்லாமல் நடந்த முதல் இழுப்பு அதுதான். சித்தப்பா மகன் கதவு மரத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் கை தன் சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

"இப்ப நீ" என்றது பெண்.

பையன் இடுப்பில் கையை விட்டான். முதல் பட்டனே வரவில்லை. அந்தப் பட்டன்களை அவ்வளவு இறுக்கமாக வைத்திருந்தாள். போலீஸ் வந்தாலும் கிடைக்காதே.

பாக்கெட்காரி நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பாள். அதை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் மண்டி போட்டாள். மூத்தவள் பதறி ஓடி வந்தாள்.

"அசையாதடா. நான் தைச்சதுதான், எனக்கு வழி தெரியும்" என்றாள். ஒரே இழுப்பில் தையல் பிரிந்தது. மூடி இல்லாத பம்பு அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை அவன் கையில் வைத்தாள்.

பெண் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு டீச்சர் மாதிரிச் சொன்னது. "முதல்ல உள்ள இருக்கறத முழுசா வெளிய விடு. முழுசா. ம், இப்ப அமுக்கி மெதுவா இழு. விட்றாத, அடக்கு. இன்னொரு தடவ."

கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோள் காதிலிருந்து இறங்கி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. விசில் நின்றது. மூத்தவள் அவனை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ டிவியை அணைத்தார்கள்.

பாக்கெட்காரி எழுந்து, கையில் இருந்த நீல மூடியை மேஜையில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"இது உங்க வீட்டுது அக்கா. பஸ் பாஸ் மூடி."

அவ்வளவுதான் சொன்னாள். நான் எதிர்பார்த்து வந்த பேச்சில் கால்வாசிகூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்போதுதான் பாத்ரூம் கதவு திறந்தது. மூத்தார் முகம் கழுவி, தெளிந்து, புது ஆளாக வெளியே வந்தார். எல்லாரும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, என்ன கூட்டம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா, சளி" என்றாள் பாக்கெட்காரி. "குழாய மூடிட்டீங்களா?"

அதற்கப்புறம் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூத்தார் இன்னும் தொடையில் தட்டி இரும்பு என்கிறார். அவர் தங்கை அந்த வீட்டுப் பெயிண்டைத்தான் இன்றைக்கு வரைக்கும் குறை சொல்கிறாள். சித்தப்பா மகன் மட்டும் என் வீட்டுக்கு வந்தபோது, பேச்சு நடுவில் பம்பை எடுத்து என் எதிரிலேயே இழுத்தார். இழுத்துவிட்டு, எதையோ திருடிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். டீயில் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டேன்.

பாக்கெட்காரி மகளின் சீருடைச் சட்டையில் நெஞ்சுக்கு நேரே புதிதாக ஒரு பாக்கெட் வைத்தாள். மூடு துணி இல்லை, பட்டன் இல்லை, பம்பின் தலை வெளியே தெரியும். சீருடையில் இப்படி ஒரு பாக்கெட் கிடையாதே என்று தலைமை ஆசிரியை ஆட்சேபித்தார். அந்தச் சீருடைக்கு எல்லாப் பாக்கெட்டும் வைத்தது நான்தான் டீச்சர், இது விட்டுப்போச்சு என்றிருக்கிறாள். பெண் முதல் நாள் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அடுத்த நாள் உள்ளே போனது. மாடி வளைவில் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள், விசில் என்றார்கள். பெண் நின்று, பம்பை எடுத்து இழுத்து, திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மேலே ஏறியதாம். அண்ணன் என்ன செய்தான் என்று அம்மா கேட்டாள். தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்றது. ஊதவில்லை. மற்றவர்களை ஊதாதே என்று சொல்லவும் இல்லை. அவன் தாத்தாவின் பேரன்தானே, ஒரே நாளில் எவ்வளவுதான் முடியும்.

கொஞ்ச நாள் கழித்து அவனே கிழிந்த கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூத்தவள் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பெண் கதவோரம் நின்று பார்த்தது. பாக்கெட்காரி குளித்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தாள்.

"எங்கடா வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

அவன் கால்சட்டையை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினான். உள்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் வெளிப்பக்கம் தொடையோரத்தில் ஒரு இடத்தை விரலால் காட்டினான்.

"பட்டன்?"

பெண்ணின் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணு போதும் சித்தி."

அவள் ஒரு பட்டன் வைத்தாள். துளையைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டினாள்.